பிள்ளைக்கூடத்தின் மூன்று கேள்விகள்

அத்தியாயம் 6

"கேக்குறதுக்கு முந்தியே பதில் சொன்னானா?"

சேக் பரீது கேட்டதற்கு ஆயா கண்மணி தலையை மட்டும் ஆட்டினாள். காலையிலிருந்து அழுததில் அவளுக்குத் தொண்டை கட்டியிருந்தது.

"வாயத் தொறந்து சொல்லு தாயி," என்றான் பரீதின் உதவியாள் அழகுமலை. "நீ தலைய ஆட்டுற ஆட்டுல ஆமாவும் இல்லையும் ஒண்ணாத்தான் தெரியுது."

யாரும் சிரிக்கவில்லை. அழகுமலை பேசி யாரும் சிரிக்காதது அந்த மே மாதத்தில் அதுதான் முதல் தடவை.

ஏரிக்கு மேலே சரிவில் தகரக்கூரை போட்ட நீளமான கட்டடம் அது. கொடைக்கானலில் எல்லோரும் அதைப் பிள்ளைக்கூடம் என்பார்கள். பங்களாக்களில் துணி துவைக்கவும் தண்ணீர் எடுக்கவும் போகிற பெண்கள் காலையில் பிள்ளைகளை இங்கே விட்டுவிட்டு, சாயங்காலம் வந்து கூட்டிப்போவார்கள். மொத்தம் நாற்பத்திரண்டு பிள்ளைகள். மிஷன்காரர்கள் செலவில் அதை நடத்துகிறவர் எஸ்தர் டீச்சர்.

போன வருஷம் ஒரு குடிகாரன், தாய்மாமன் என்று பொய் சொல்லி ஒரு பிள்ளையைத் தூக்கிப் போய்விட்டான். இரண்டு நாள் கழித்து வத்தலக்குண்டில் பிள்ளை கிடைத்தது. அதற்குப் பிறகுதான் டீச்சர் சேக் பரீதிடம் யோசனை கேட்டார். போலீஸ் ஸ்டேஷனில் ரைட்டராக இருந்து, வேலையை விட்டு, தனியாகத் துப்பறியும் வேலை பார்க்கிறவர் பரீது. அவர் ஒரு வழி சொன்னார். தாயைத் தவிர வேறு யார் வந்து பிள்ளையைக் கேட்டாலும் மூன்று கேள்வி. தகப்பன் பேர் என்ன? சொந்த ஊர் எது? பிள்ளை உடம்பில் அடையாளம் என்ன? பதில்கள் ரெஜிஸ்டரில் இருக்கும். ரெஜிஸ்டர் தகரப் பெட்டிக்குள் இருக்கும். பெட்டிச் சாவி டீச்சர் இடுப்பில் இருக்கும். என்னென்ன கேட்பார்கள் என்பது தாய்மாருக்குக்கூடத் தெரியாது.

இன்று காலை பத்து மணிக்குத் தங்கமுத்து என்று ஒரு நெட்டை ஆள், கம்பளிக் கோட்டும் தோல் பையுமாக வந்தான். இருளாயி மகள் பொன்னுத்தாய்க்குப் பெரியப்பன் என்றான். மூன்றுக்கும் சரியாகப் பதில் சொன்னான். பிள்ளை கண்மணியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு இறங்க மாட்டேன் என்றது. கண்மணியும் கொடுக்க மாட்டேன் என்றாள். "சாயங்காலம் நாலு மணிக்கு ஏட்டையாவக் கூட்டிட்டு வர்றேன். அப்பக் குடுக்குறீங்களா இல்லையான்னு பாக்குறேன்" என்று சொல்லிப் போயிருந்தான்.

"தண்ணி குடிச்சிட்டு சொல்லு," என்றார் பரீது.

கண்மணி குடித்தாள். "டீச்சரம்மா பெட்டியத் தொறந்துக்கிட்டு இருந்தாங்க. அதுக்குள்ள அவனே கடகடன்னு ஒப்பிச்சான். தகப்பன் வேலப்பன், ஊரு பூண்டி, எடது முட்டிக்குக் கீழ புளியங்கொட்டை அளவு தீத்தழும்புன்னு. மூச்சே விடலங்க."

"சொந்தக்காரனுக்குத் தம்பி பேரு தெரியும், ஊரு தெரியும், தழும்பு தெரியும். மூணு கேள்விதான் வரும், இந்த வரிசையிலதான் வரும்னு எப்படித் தெரியும்?"

எஸ்தர் டீச்சர் குரலைத் தாழ்த்தினார். "அதைத்தான் நானும் யோசிச்சேன் மிஸ்டர் பரீது. மூணு கேள்வி இருக்குன்னு தெரிஞ்சது நாலே பேருக்கு. நான், நீங்க, அழகுமலை." மீதி ஒருத்தியை அவர் சொல்லவில்லை, பார்த்தார்.

கண்மணிக்குக் கண் மறுபடி நிறைந்தது.

"இவங்க சொல்லிக் குடுத்திருந்தா பிள்ளையக் குடுத்திருப்பாங்கல்ல டீச்சர்?" என்றான் அழகுமலை. "கதவத் தொறந்து விட்டவளே குறுக்க நின்னு மறிப்பாளா?"

"கடைசி நிமிஷத்துல பயந்திருக்கலாம்."

பரீது ரெஜிஸ்டரை வாங்கிப் பார்த்தார். ஜனவரி மாதம் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளின் விவரத்தை எழுதியது அழகுமலைதான். முன்பு கடைகளுக்குப் போர்டு எழுதிக்கொண்டிருந்தவன். எழுத்து முத்து முத்தாக இருக்கும். பொன்னுத்தாய், வயது நான்கு. தாய் இருளாயி. தகப்பன் வேலப்பன், இலங்கைத் தோட்டத்துக்குப் போய் மூன்று வருஷமாகத் தகவல் இல்லை. ஊர் பூண்டி. இடது முழங்காலுக்குக் கீழே புளியங்கொட்டை அளவு தீத்தழும்பு.

"கண்மணி, நெசமாவே அது புளியங்கொட்டை மாதிரிதான் இருக்குமா?"

"எங்கங்க! சேக்கும்போது பொருக்குத் தட்டி அப்படி இருந்துச்சு. இப்பப் பொருக்கு உதுந்து, வெள்ளையா நீளமா பூரான் மாதிரியில்ல கெடக்கு. தெனம் குளிப்பாட்டுறது நாந்தானே, எனக்குத் தெரியாதா?"

பரீது ரெஜிஸ்டரை மூடினார். "டீச்சர், இவ சொல்லிக் குடுத்திருந்தா பூரான்னு சொல்லியிருப்பா. அவன் சொன்னது பிள்ளையோட கால இல்ல, உங்க ரெஜிஸ்டர. அஞ்சு மாசமா அந்தக் காலப் பாக்காத ஒரு ஆளு, ரெஜிஸ்டர்ல உள்ளதத் தெரிஞ்ச ஆளு, சொல்லியிருக்கான்."

டீச்சருக்கு முகம் சிவந்தது. கண்மணியின் பக்கம் திரும்பி அவள் தோளைத் தொட்டார்.

வெளிப் படிக்கட்டில் இருளாயி பிள்ளையை மடியில் இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வேலை செய்கிற பங்களாவிலிருந்து ஓடி வந்தவள். சேலை முழங்கால் வரை ஈரமாக இருந்தது.

"அய்யா, அந்த ஆளு யாருன்னே எனக்குத் தெரியாதுங்க. அவன் என்னமோ எல்லாம் சரியாச் சொல்லிட்டானாம். என்ன சொன்னான்னு கேட்டா, ரெஜிஸ்டருல உள்ளத வெளிய சொல்லக் கூடாதுங்குறாங்க டீச்சரம்மா. ஏட்டையா வேற, புருசன் வீட்ட விட்டு ஓடி வந்தவ எல்லாரும் இப்படித்தான் சொல்லுவான்னு சொன்னாராம்." அவள் குரல் உடைந்தது. "இது ஒண்ணுதாங்க எனக்கு இருக்கு."

வெளியே சொல்லக் கூடாது என்பதும் பரீது போட்ட விதிதான். அவருக்கு அதில் உள்ளுக்குள் ஒரு திருப்திகூட வந்தது.

அழகுமலை குனிந்து பிள்ளையின் மூடிய கையைப் பார்த்தான். "என்ன வச்சிருக்க கண்ணு? எனக்குக் கொஞ்சம் காக்கா கடி கடிச்சுத் தருவியா?"

பிள்ளை கையைத் திறந்தது. பாதி கரைந்த கமர்கட்டு. காலையில் அந்த ஆள் கொடுத்ததாம். சுற்றியிருந்தது காகிதம் இல்லை, வாழைச்சருகு.

அழகுமலை நிமிர்ந்தான். "அண்ணே, இந்த மலையில சருகுல சுத்திக் கமர்கட்டுக் குடுக்குற கடை ஒண்ணுதான்."

"பஷீர் கடை. வெரசா வாலே."

*

கடைத்தெருவில் பஷீர் அகமதுவின் டீக்கடை. மதியத் தொழுகை முடிந்த நேரம், கூட்டம் இல்லை. மூடுபனி தெருவில் பாதி வரை இறங்கிவிட்டிருந்தது.

"வாங்க ராவுத்தரண்ணே!" பஷீர் கிளாஸைக் கழுவ ஆரம்பித்தார். "அழகுமலைக்குச் சக்கரை கூடவா?"

"சக்கரை அப்பறம். மொதல்ல ஆளு," என்றான் அழகுமலை. "கமர்கட்டு வாங்குன ஆளு. நெட்டையா, கம்பளிக் கோட்டு, கையில தோல் பை. பல்லு போன வயசும் இல்ல, பம்பரம் விடுற வயசும் இல்ல. அவனுக்கு எதுக்குக் கமர்கட்டு?"

"ஓ, அவரா? ஒரு வாரமா வர்றாரே. கீழ்நாட்டு ஆளு. அந்த மூலை பெஞ்சுதான். ஒரு டீய வச்சுக்கிட்டு மூணு மணி நேரம் உக்காருவாரு. யாரோடயும் பேச மாட்டாரு. மத்தவங்க பேசுறதக் கேட்டுக்கிட்டே இருப்பாரு."

பரீது அந்த மூலையைப் பார்த்தார். நடுவில் பாத்திர அலமாரி இருந்தது. முன் பெஞ்சில் உட்கார்ந்தவனுக்கு மூலையில் இருப்பவன் தெரியமாட்டான். மூலையில் இருப்பவனுக்கு எல்லாம் கேட்கும்.

"இந்த ஒரு வாரத்துல பிள்ளைக்கூடத்தப் பத்தி இங்க யாராவது பேசுனாங்களா?"

பஷீர் கழுவிய கிளாஸையே மறுபடி கழுவினார்.

"பேசுனாங்களா இல்லையா?"

"அண்ணே, நூறு பேரு வர்ற எடம். விடுங்க."

"யாருன்னு சொல்லு பஷீரு. மணி ரெண்டே முக்கால். நாலு மணிக்கு ஒரு தாய்கிட்டருந்து பிள்ளையப் பிரிச்சுக் கொண்டு போயிருவான்."

பஷீர் கிளாஸைக் கீழே வைத்தார். பரீதின் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"நீங்கதாண்ணே."

அழகுமலை பரீதைத் திரும்பிப் பார்த்தான்.

"போன வெள்ளிக்கிழமை, ஜும்மா முடிஞ்சு. நீங்க இந்த பெஞ்சுலதான் உக்காந்திருந்தீங்க. போன வருசம் பிள்ளைய ஒருத்தன் தூக்கிட்டுப் போனானே, இப்ப எப்படின்னு யாரோ கேட்டாங்க. இனிமே ஒரு பயலும் தொட முடியாது, மூணு கேள்வியில பூட்டிருக்கேன்னு சொன்னீங்க. அப்பறம்…"

"அப்பறம்?"

"ஒரு உதாரணத்துக்குச் சொல்றேன் கேளுன்னு ஆரம்பிச்சீங்க. பூண்டிக்காரப் பொண்ணு, புருசன் இலங்கையில, கேக்க நாதி இல்ல, அப்படிப்பட்ட பிள்ளையக்கூட எவனும் அசைக்க முடியாதுன்னீங்க. தகப்பன் பேரச் சொன்னீங்க. தழும்பச் சொல்லும்போது விரலால அளவுகூடக் காட்டுனீங்க, இந்தா இத்தனூண்டு புளியங்கொட்டைன்னு. நாங்கல்லாம் கை தட்டுனோம். நானுந்தாண்ணே தட்டினேன்."

பரீதுக்கு அந்த வெள்ளிக்கிழமை ஞாபகம் வந்தது. கைதட்டல்தான் முதலில் ஞாபகம் வந்தது. மாதம் ஒரு தடவை ரெஜிஸ்டரைச் சரிபார்த்துவிட்டு வருகிற பழக்கம். அன்று காலை பார்த்த பக்கம் அது. வாயில் இருந்தது, வந்துவிட்டது. கேட்க நாதி இல்லை என்பதையும் அவரேதான் சொல்லிக் கொடுத்திருக்கிறார்.

அவர் தன் ஆள்காட்டி விரலையும் கட்டைவிரலையும் பார்த்தார். பிறகு இரண்டு கையையும் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டு தெருவில் இறங்கினார்.

*

இருவரும் மேட்டில் பாதி தூரம் ஏறினார்கள். யூக்கலிப்டஸ் மரத்துக்குக் கீழே பரீது நின்றார்.

"அந்தக் கண்மணியச் சந்தேகப்பட்டோமேலே."

"நீங்க படலண்ணே. டீச்சருதான்."

"நானும் பட்டேன். வாயால சொல்லல, அவ்வளவுதான்."

அழகுமலை செருப்பிலிருந்த மண்ணைக் கல்லில் தேய்த்தான். தேய்த்துக்கொண்டே இருந்தான்.

"அண்ணே, நீங்க ஒத்தையில அசிங்கப்பட வேணாம். எங்கிட்டயும் ஒண்ணு கெடக்கு."

"என்ன?"

"வேலப்பன்னு எழுதுனது நாந்தானே. அது அந்தப் பொண்ணு சொன்ன பேரு இல்ல."

பரீது திரும்பினார்.

"புருசன் பேரு என்னன்னு கேட்டேன். தலையக் குனிஞ்சுக்கிட்டா. எந்தப் பொம்பள புருசன் பேரச் சொல்லுவா? வரிசையில முப்பது பேரு நிக்குறாங்க, மழை வேற. பழனி மலைச் சாமி பேருங்கன்னு மட்டும் சொன்னா. அந்தச் சாமிக்கு என்ன, ஒரு பேரா ரெண்டு பேரா? நானா வேலப்பன்னு போட்டுக்கிட்டேன். வாசிச்சுக் காட்டவும் இல்ல. அவளுக்குப் படிக்கவும் தெரியாது."

"அவ சரின்னு சொன்னாளா?"

"நான் கேக்கவே இல்லண்ணே. அடுத்த ஆளு வான்னுட்டேன்."

பரீது அவனை அடிக்கப் போகிறவர் மாதிரி பார்த்தார். பிறகு அவர் கண் மாறியது.

"ஏலே… அப்ப அந்தப் பேரு தப்பா இருந்தா?"

"தப்பாத்தான் இருக்கும். எனக்கு எந்தப் பந்தயத்துல அதிர்ஷ்டம் அடிச்சிருக்கு?"

"தப்பா இருந்தா, நெசமான பெரியப்பன் வந்திருந்தா வேற பேரச் சொல்லியிருப்பான். நம்ம கேள்வியில தோத்திருப்பான். இவன் ஜெயிச்சான்." பரீது நடக்க ஆரம்பித்துவிட்டார். "சரியாச் சொன்னதுதான்லே இவன் செஞ்ச தப்பு!"

பத்தடி போனதும் நடை மெதுவானது. அதை நிரூபிக்க வேண்டுமானால் எந்தக் கதையை எல்லோருக்கும் முன்னால் சொல்ல வேண்டும் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

*

நாலு மணிக்கு ஏட்டு வந்தார். பின்னால் தங்கமுத்து, கம்பளிக் கோட்டும் தோல் பையுமாக.

"டீச்சரம்மா, கேள்விக்குப் பதில் சொல்லிட்டாரு. அப்பறம் எதுக்கு இழுத்தடிக்கிறீங்க?" என்றார் ஏட்டு. பரீதைப் பார்த்ததும் காலைச் சேர்த்து நின்றார். ஸ்டேஷனில் பரீதின் கீழே எழுத்து வேலை கற்றவர். "ரைட்டரய்யா! நீங்களும் இருக்கீகளா?"

"ரெஜிஸ்டர்ல இருக்குற தகப்பன் பேரு அந்தப் பொண்ணு சொன்னது இல்ல ஏட்டு. எழுதுனவன் குத்துமதிப்பா எழுதிட்டான்."

"அதெப்படி?" தங்கமுத்து சிரித்தான். "கூடப் பொறந்தவன் பேரு எனக்குத் தெரியாதா? இவ இப்ப மாத்திச் சொல்லுவா. சொல்லிக் குடுத்திருப்பாங்க."

ஏட்டு தாடையைச் சொறிந்தார். "அவரு சொல்றதும் நியாயந்தானே? தப்பான பேரு இவருக்கு மட்டும் எப்படித் தெரியும்?"

மூலையில் கண்மணி நின்றாள். வாசலில் இருளாயி, பிள்ளையோடு. எஸ்தர் டீச்சர் கையில் சாவிக்கொத்து. எல்லோரும் பரீதைப் பார்த்தார்கள்.

"நான் சொன்னேன்," என்றார் பரீது.

"என்னங்கய்யா?"

"போன வெள்ளிக்கிழமை பஷீர் கடையில, பெருமைக்கு, மூணு கேள்வியையும் இந்தப் பிள்ளையோட பதிலையும் சத்தம் போட்டுச் சொன்னேன். அலமாரிக்குப் பின்னால இவன் உக்காந்திருந்தான். பஷீரக் கேளு, கடையில இருந்த எல்லாரையும் கேளு."

"ரைட்டரய்யா… நீங்களா?"

ஏட்டு இதை மரியாதையாகத்தான் கேட்டார். அதுதான் பரீதுக்குத் தாங்க முடியாமல் இருந்தது.

"நாந்தான். டீச்சர், இருளாயிய உள்ள கூட்டிட்டுப் போய்த் தகப்பன் பேரக் கேட்டு ஒரு சீட்டுல எழுதி ஏட்டுகிட்ட மட்டும் குடுங்க. கதவச் சாத்திக்குங்க."

டீச்சர் கதவைச் சாத்தினார். வெகுநேரம் கழித்துப் பிள்ளை கூச்சத்தில் கிளுகிளுவென்று சிரிப்பது கேட்டது. டீச்சர் மடித்த சீட்டோடு வெளியே வந்தார்.

"அவங்க வாயால சொல்லலை. பிள்ளை காதுல சொன்னாங்க. பிள்ளை என் காதுல சொல்லுச்சு."

ஏட்டு சீட்டைப் பிரித்துப் படித்தார். முகத்தில் ஒன்றும் காட்டவில்லை.

"தங்கமுத்து, உன் தம்பி பேரு என்ன?"

"அதான் வேலப்பன்னு சொன்னேனே."

"இன்னொரு தரம் யோசிச்சுச் சொல்லு."

தங்கமுத்துவின் கண் சீட்டுக்கும் வாசலுக்குமாக ஓடியது. "வீட்டுல… வேற பேரு சொல்லிக் கூப்புடுவோம்."

"அதச் சொல்லு."

"முருகன்."

"பாவம், ஒவ்வொண்ணாச் சொல்லிப் பாக்குறாரு," என்றான் அழகுமலை. "சாமிக்கு இன்னும் நெறையப் பேரு இருக்கு. மெதுவா வாங்க."

ஏட்டு சீட்டை மடித்தார். "பையத் தொற."

தங்கமுத்து வாசலுக்குப் பாய்ந்தான். கண்மணி குறுக்கே காலை நீட்டினாள். அவன் விழுந்த இடத்திலேயே பை வாய் திறந்துகொண்டது. உள்ளே நான்கு வயதுப் பிள்ளைக்கு அளவான புதுப் பட்டுப் பாவாடை. ஐந்து மணி பஸ்ஸுக்கு இரண்டு டிக்கெட். ஒன்று முழு டிக்கெட், ஒன்று அரை.

"பெரியப்பன், அரை டிக்கெட்ட மொதல்லயே எடுத்து வச்சிட்டுத்தான் பிள்ளையக் கேக்க வந்திருக்காரு," என்றார் ஏட்டு, அவன் கழுத்துப்பட்டையைப் பிடித்துத் தூக்கியபடி. பிள்ளை இல்லாத பெரிய வீடுகளுக்கு, அநாதை என்று சொல்லிப் பிள்ளைகளைக் கொண்டுபோய்க் கொடுக்கிற தரகன் அவன். ஸ்டேஷனுக்குப் போகும் வழியிலேயே ஒப்புக்கொண்டுவிட்டானாம்.

எல்லோரும் போன பிறகு இருளாயி பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு பரீதின் முன்னால் வந்து நின்றாள். கும்பிடப் போகிறாள் என்று நினைத்து அவர் பதறினார். அவள் கும்பிடவில்லை.

"நீங்களாங்க சொன்னது?"

"ஆமாம்மா."

"எம் புருசன் போனதும், எனக்கு நாதியில்லாததும் யாருக்கும் தெரியக் கூடாதுன்னுதாங்க ஊர விட்டு இங்க வந்தேன். புள்ளையச் சேக்கணுமேன்னு இந்த எடத்துல மட்டுந்தான் சொன்னேன்." அவள் குரல் உயரவில்லை. "எம் புள்ள காலக் கடத்தெருவுல தூக்கிக் காட்டிட்டீங்களேய்யா."

அவள் பிள்ளையின் பாவாடையை முழங்காலுக்குக் கீழே இழுத்துவிட்டு, மழைத்தூறலில் இறங்கிப் போனாள்.

எஸ்தர் டீச்சர் ரெஜிஸ்டரைக் கொண்டு வந்தார். மடித்த சீட்டையும் நீட்டினார். "மிஸ்டர் பரீது, பேரைத் திருத்தணும். நீங்களே பார்த்து எழுதிடுங்க."

பரீது கையை நீட்டவில்லை.

"நீங்களே எழுதுங்க டீச்சர். நான் வெளிய நிக்கிறேன். கேள்வியையும் மாத்திருங்க. என்ன மாத்துனீங்கன்னு எனக்குச் சொல்ல வேணாம்."

"செக் பண்ண மாசாமாசம் வருவீங்களே?"

"இனிமே வரல டீச்சர்."

வெளியே வந்து சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். அழகுமலையும் பக்கத்தில் வந்து, அதே மாதிரி சுவரைப் பார்த்து நின்றான். உள்ளே பேனா கீறுகிற சத்தம் கேட்டது. பெட்டி மூடியது. சாவி திரும்பியது.

அடுத்த வெள்ளிக்கிழமை பஷீர் கடையில் உட்கார இடம் இல்லை. பிள்ளை பிடிக்கிறவன் மாட்டிய விஷயம் மலை முழுக்கப் பரவியிருந்தது. பரீது நுழைந்ததும் முன் பெஞ்சில் அவருக்கு இடம் விட்டார்கள்.

"ராவுத்தரே, எப்படிப் புடிச்சீங்க? மொதல்லருந்து சொல்லுங்க!"

"யாரு பிள்ளை அது?"

பஷீர் டீயை வைத்துவிட்டு அங்கேயே நின்றார். அழகுமலை தரையைப் பார்த்தான். கடை முழுக்கக் காது கொடுத்துக்கொண்டிருந்தது.

பரீது உட்காரவில்லை. அலமாரியைச் சுற்றிப் போய் மூலை பெஞ்சு வரை எட்டிப் பார்த்தார். யாரும் இல்லை. திரும்பி வந்து டீயை எடுத்துக் குடித்தார்.

"சக்கரை கம்மி பஷீரு," என்றார்.

அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.